விபத்துக்குப் பிறகு லாரி ஏற முடியாத கணவர்: எந்த சிகிச்சை சரி?

கேள்வி: என் கணவர் லாரி டிரைவர். எட்டு மாதத்துக்கு முன் நடந்த விபத்தில் கூட வந்த கிளீனர் இறந்துவிட்டார். அதன்பின் இவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ராத்திரியில் அலறி எழுகிறார். மனநல மருத்துவர் பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) என்கிறார். பேச்சு சிகிச்சையில் பல வகை இருக்கிறதாமே, எதில் சேர்ப்பது?

பதில்: சகோதரி, பி.ஈ. (PE, பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை), சி.பி.டி. (CPT, வாட்டும் எண்ணங்களை ஆராயும் சிகிச்சை), ஈ.எம்.டி.ஆர். (EMDR, கண் அசைவோடு நினைவைக் கையாளும் சிகிச்சை) என்ற மூன்றுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. முதல் இரண்டையும் அமெரிக்காவில் 916 முன்னாள் படைவீரர்களிடம் ஒப்பிட்டு, முடிவை 2022-ல் வெளியிட்டார்கள். பி.ஈ. ஒரு துளி முந்தியது. வாழ்க்கையில் உணரும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. அதனால் உங்கள் கணவரை எது வாட்டுகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

வண்டிச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறதா? பி.ஈ. பொருந்தும். கண்ணை மூடி, அன்று நடந்ததை இப்போது நடப்பதுபோலச் சொல்லவைப்பார்கள். அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கூடவே, நிற்கும் லாரியில் ஏறி உட்காருவது, அப்புறம் எஞ்சினைப் போடுவது, பிறகு ஷெட்டுக்குள்ளேயே ஒரு சுற்று என்று படிப்படியாகப் போவார்கள். பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

“என்னாலதான் அவன் செத்தான்” என்று குமைகிறாரா? அப்படியானால் நான் சி.பி.டி.யைத்தான் முதலில் யோசிப்பேன். வழக்கமாக 12 அமர்வு. அந்த ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதவைத்து, சிகிச்சையாளர் நிதானமாகக் கேட்பார்: பிரேக் அடிக்க எத்தனை நொடி இருந்தது? அந்த நொடியில் உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? வேறொரு டிரைவருக்கு இது நடந்திருந்தால் அவரையும் இப்படியே சொல்வீர்களா? பதிலை அவரே எழுதுவார். குற்ற உணர்ச்சி ஒரே நாளில் கரையாது, ஆனால் பிடி தளரும்.

நடந்ததை வாய்விட்டுச் சொல்லவே முடியாதவருக்கு ஈ.எம்.டி.ஆர். சற்று எளிது. நினைவை மனதில் வைத்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர வேண்டும். வீட்டுப்பாடம் குறைவு.

(போர், அகதி வாழ்வு என்று அடிமேல் அடி பட்டவர்களுக்கு ‘நெட்’ என்ற முறை உண்டு. தரையில் ஒரு கயிற்றை விரித்து, பட்ட துயரங்களுக்குக் கல்லும் நல்ல நாட்களுக்குப் பூவும் வைத்து முழு வாழ்க்கையையும் சொல்வார்கள். சுனாமிக்குப் பின் இலங்கையில் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள்.)

உங்கள் ஊரில் இவற்றில் எதில் பயிற்சி பெற்றவர் கிடைக்கிறார் என்பதும் முக்கியம். சேரும் முன் கேளுங்கள்: “விபத்தைப் பற்றியே நேராக வேலை செய்வீர்களா? எத்தனை அமர்வு?” வெறும் “மறந்துடுங்க, தைரியமா இருங்க” என்றால் இந்த சிகிச்சை நடக்கவில்லை என்று அர்த்தம்.

முதல் சில வாரங்களில் கெட்ட கனவு கூடலாம். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். அந்த வாரங்களில் அவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். உள்ளே என்ன பேசினார் என்று மட்டும் தோண்டாதீர்கள். தூக்க மாத்திரை இந்த நோயைத் தீர்க்காது. ஆனால் ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் கேட்காமல் சட்டென்று நிறுத்த வேண்டாம்.

“நானும் போயிருக்கலாம்” என்பதுபோல ஏதாவது சொன்னால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவரைத் தனியே விடாமல் உடனே பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.