80 ஆக இருந்தது 60 ஆனது ஏன்?

கேள்வி: கப்பலைத் ‘தப்பல்’ என்றும் கோயிலைத் ‘தோயில்’ என்றும் சொல்லும் என் ஐந்து வயது மகனுக்கு, பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் மேற்பார்வையில் அவருடைய உதவியாளர் கிழமைதோறும் பயிற்சி அளித்து வருகிறார். சென்ற மாதத் தாளில் 80 சதவீதம் என்றிருந்தது, இம்மாதம் 60 ஆகிவிட்டது. பிள்ளை பின்வாங்குகிறானா? இரண்டு தாள்களின் பிரதிகளையும் இணைத்துள்ளேன்.
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: இல்லை, அம்மா. நீங்கள் அனுப்பிய தாள்கள் அதற்கு நேர்மாறானதையே காட்டுகின்றன. சென்ற மாதம் 20 படங்களில் 16 சரியானதால் 80 சதவீதம் வந்தது. ஆனால் அந்தப் 16 இல் 10 அடையாளங்களுக்குப் பக்கத்தில் ‘உ’ என்று குறித்திருக்கிறார்கள். உதவியாளர் முதலில் சொல்லிக் காட்டிய பிறகே பிள்ளை சரியாகச் சொன்னான் என்பது அதன் பொருள் என்று தாளின் அடியிலேயே எழுதப்பட்டுள்ளது. அவற்றைக் கழித்தால், அவன் தானாகச் சொன்னவை 6 மட்டுமே, அதாவது 30 சதவீதம். இம்மாதமோ தனிச்சொல் அல்லாமல் முழு வாக்கியம் சொல்லக் கேட்டு, எவ்வித உதவியுமின்றி 20 இல் 12 சரியாக வந்திருக்கிறது. தானாகச் சொல்வது 30 இலிருந்து 60 ஆக உயர்ந்திருக்கிறது, அதுவும் முன்னிலும் கடினமான பயிற்சியில்.

சரியானவற்றை மொத்த முயற்சிகளால் வகுத்து நூறால் பெருக்குவது பள்ளிக்கூடக் கணக்குத்தான். எதைச் சரியென்று எண்ணுவது என்பதில்தான் உதவியாளரின் கவனம் தெரியும். ‘காகம்’ என்ற சொல்லின் நடுவிலுள்ள ககரம் நம் வாயில் ஏறத்தாழ ஹகரமாகவே ஒலிப்பதால், அதையும் முதலெழுத்தையும் ஒரே கணக்கில் சேர்த்தால் தாள் குழம்பிவிடும். உங்கள் மகனின் தாளில் சொல்லின் முதலில் வரும் ககரம் மட்டுமே எண்ணப்பட்டிருப்பது நல்ல வேலை. முயற்சிகளின் தொகையையும் பாருங்கள்: பத்தே முயற்சிகள் என்றால், ஒரு பிழை மட்டும் 10 சதவீதத்தைக் குறைத்துவிடும். இதனால்தான் ஒரு நாள் எண்ணை நம்பாமல், 80 சதவீதம் போன்ற ஓர் இலக்கைத் தொடர்ந்து சில அமர்வுகளில் எட்டிய பின்னரே அடுத்த படிக்குப் போகிறார்கள்.

அமெரிக்காவில் இப்பணிக்குள்ள தொழில்நெறியின்படி, உதவியாளர் தரவைச் சேகரித்துக் கணக்கிட்டு வரைபடமாக்கலாம், ஆனால் அதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு சிகிச்சையாளருடையது. இது நியாயமான பிரிவினை என்பதே என் கருத்து. ஆகவே இலக்கை மாற்றுவது பற்றிச் சிகிச்சையாளரிடமே கேளுங்கள்.

கேள்வி: திக்கிப் பேசும் என் தம்பியின் முன்னேற்றத்தை எப்படி எண்ணுவார்கள்?
— வாசகர், மூதூர்

பதில்: அசைகளைக் கொண்டு எண்ணுவார்கள். அவர் பேசிய 300 அசைகளில் 24 திக்கியிருந்தால் 8 சதவீதம், பின்னர் அதே அளவு பேச்சில் 12 என்றால் 4 சதவீதம். ‘க-க-கப்பல்’ என்றால் அதை இரண்டு அசைகளாகவும் அவற்றில் ஒன்றைத் திக்கியதாகவுமே கொள்வார்கள், திரும்ப வந்த ஒலிகள் மொத்தத்தில் சேர்வதில்லை. ஒரு நாள் வாசிப்பையும் மறுநாள் தொலைபேசிப் பேச்சையும் ஒப்பிட்டால் எண் பொய் சொல்லும், ஆகையால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள்.