எழுதாத பெயரைக் கேட்கும் லிங்க்கர்

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கான உற்பத்திக் கணக்கு மென்பொருளை சி மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறோம். மென்பொருளை உருவாக்கும் பில்டு கணினியை உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்பிலிருந்து 22.04-க்கு உயர்த்திய பிறகு, கம்பைல் முழுதும் முடிந்து, கடைசியில் ‘எஸ்எஸ்எல்_கெட்1_பியர்_சர்டிஃபிகேட்’ என்பதைக் காணவில்லை என்று, நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்க்கர் நின்றுவிடுகிறது. அப்படியொரு பெயரை நாங்கள் எங்குமே எழுதவில்லை. பாதுகாப்பான இணையத் தொடர்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியை நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. உபுண்டுவையே புதிதாக நிறுவிவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதாத அந்தப் பெயரே பழுது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் நிரலில் ‘கெட்1’ இல்லாமல், ‘எஸ்எஸ்எல்_கெட்_பியர்_சர்டிஃபிகேட்’ என்ற பழைய பெயர் இருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-இன் ஹெட்டர் கோப்பு (லைப்ரரியின் பெயர்களை கம்பைலருக்கு அறிவிக்கும் கோப்பு) அந்தப் பழைய பெயரை ஒரு மேக்ரோவாக, அதாவது மாற்று விதியாக, வைத்துக்கொண்டு, கம்பைல் ஆகும்போதே புதிய பெயராக மாற்றிவிடுகிறது, 1.1.1 பதிப்பின் லைப்ரரியிலோ அந்தப் புதிய பெயர் கிடையாது. ஆகவே ஹெட்டர் 3.0-இலிருந்தும் லைப்ரரி 1.1.1-இலிருந்தும் வருகின்றன என்பது ஏறத்தாழ உறுதி. இரண்டு லாட் நூலைக் கலந்து ஒரே தொட்டியில் சாயம் ஏற்றினால் ஷேடு வேறுபடும் என்பதை உங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே நடந்திருப்பதும் அத்தகைய கலப்புதான்.

பழைய லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்காமல் லிங்க்கரிடமே கேளுங்கள். லிங்க் செய்யும் கட்டளையில் ‘ட்ரேஸ்’ விருப்பத்தைச் சேர்த்தால், தான் திறந்த ஒவ்வொரு கோப்பின் முழுப் பாதையையும் அது அச்சிடும். யூஎஸ்ஆர் லோக்கல் லிப் அடைவிலுள்ள கோப்பு அதில் தென்பட்டால், முன்பு யாரோ கையால் நிறுவிய பிரதி அது என்று கொள்ளலாம். உபுண்டுவின் பொதிகள் (பேக்கேஜ்கள்) அந்த அடைவைத் தொடுவதில்லை என்பதால்தான் நீங்கள் மீண்டும் நிறுவியது பயன்தரவில்லை. உபுண்டுவில் லிங்க்கர் வழக்கமாகக் கணினியின் சொந்த லைப்ரரியையே முதலில் எடுக்கும். எனவே பில்டு கட்டளைகள் உள்ள உங்கள் மேக்ஃபைலில் அந்த லோக்கல் பாதையைக் குறிக்கும் பெரிய எழுத்து ‘எல்’ விருப்பம் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பழைய கோப்புகளை உடனே அழித்துவிட வேண்டாம்: ஏற்கெனவே பட்டறைகளுக்காக உருவாக்கிய நிரல்கள் அவற்றை நம்பியிருக்கலாம் என்பதால், ஒரு நிரல் எந்த லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் ‘எல்டிடி’ கட்டளையால் ஒவ்வொன்றையும் சோதித்து, தேவைப்படும் நிரலுக்கு மட்டும் பழைய லைப்ரரியை ஒரு தனி அடைவில் வைத்து, மற்றபடி பழைய கோப்புகளை லோக்கல் அடைவிலிருந்து அகற்றி, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘எல்டிகான்ஃபிக்’ ஓட்டுங்கள். பிறகு பில்டு அடைவை முழுவதுமாகத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்; சிமேக் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்தினால் அதன் கேஷ் கோப்பு பழைய பாதையை நினைவில் வைத்திருக்கும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். லைப்ரரியின் ஒரு பதிப்புக்கு இன்னொரு பதிப்பின் பெயரில் சிம்லிங்க் (ஒரு கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போட்டுச் சமாளிக்கும் யோசனையைப் பலர் சொல்வார்கள். பிழைச் செய்தி மறைந்துபோகலாம். ஆனால் இரு பதிப்புகளின் உள்ளமைப்பும் வேறு என்பதால், பட்டறையில் இரவு ஷிஃப்ட் ஓடும்போது நிரல் முறிந்து விழக்கூடும். பில்டு கணினியில் தோற்பது அதைவிட எவ்வளவோ மேல்.

ட்ரேஸ் காட்டும் பாதை கணினியின் சொந்த லைப்ரரியாகவே இருந்தால், பொதியே பழுதாகியிருக்கலாம்; உயர்த்தும்போது மின்சாரம் போயிருந்தால் இது நேரக்கூடியதே. பொதிகளை நிர்வகிக்கும் ‘டிபிகேஜி’ கட்டளையின் ‘வெரிஃபை’ விருப்பம் மாறிப்போன கோப்புகளைக் காட்டும். பாதியில் நின்ற பொதிகளை அதன் ‘கான்ஃபிகர்’ விருப்பத்தால் முடித்துவிட்டு, பழுதானதை மட்டும் மீண்டும் நிறுவினால் போதும்.

எந்த வழியில் சரியானாலும் 1.1.1-க்குத் திரும்பிப் போக வேண்டாம். அதற்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது.