எக்ஸ்ஃபேட் டிஸ்கில் ஹார்ட் லிங்க் விழாது

அண்ணாச்சி, டி டிரைவில் இருக்கும் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டப் படங்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்கில் ஹார்ட் லிங்க் போட்டால் பிழை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். டிஸ்க் பழுதில்லை, பயப்படாதீர்கள். ஹார்ட் லிங்க் என்பது அதே கோப்புக்கு இன்னொரு பெயர், அதனால் இரண்டு டிரைவுமே என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறை) ஆக இருந்தாலும் அது ஒரு டிரைவை விட்டு இன்னொன்றுக்குத் தாண்டாது, உங்கள் வெளி டிஸ்கோ எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு முறை, அதில் லிங்க் என்பதே கிடையாது. தலைகீழாகச் செய்யுங்கள். படங்களை வெளி டிஸ்கில் வைத்து, அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, எம்கேலிங்க் (mklink) கட்டளையால் டி டிரைவில் அந்த ஃபோல்டருக்கு சிம்பாலிக் லிங்க், அதாவது அது இருக்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி, போடுங்கள். வெளி டிஸ்கின் டிரைவ் எழுத்து மாறினால் லிங்க் அறுந்துவிடும், டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரே எழுத்தாக வைத்துவிடுங்கள். அப்புறம், லிங்க் இருப்பதாலேயே அது பேக்கப் என்று ஆகிவிடாது. போன வருஷத் தேரைத் திரும்பப் படம் பிடிக்க முடியாது, இன்னொரு டிஸ்கில் நிஜப் பிரதி கட்டாயம் வேண்டும்.