பிள்ளைகளைக் கவனித்து நோட்டில் எழுதுவதால் ஏதாவது பயன் உண்டா?

ப்ளே ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருவர், "தினமும் பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்கிறார்கள், இது வெறும் ரெக்கார்டா?" என்று கேட்டிருக்கிறார்.

ரெக்கார்டுக்காக எழுதினால் வெறும் ரெக்கார்டுதான். ராயபுரம் பக்கம் 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், மாதக் கடைசியில் உட்கார்ந்து 22 பிள்ளைகளுக்கும் 'நன்றாகப் பழகுகிறான்', 'கவனம் தேவை' என்று ஒரே மூச்சில் எழுதித் தள்ளியவள்தான் நானும்.

நாலு வயதுப் பையன் ஒருவன். அவனைப் பற்றி என் நோட்டில் இருந்தது ஒரே வரி: 'தண்ணீரைக் கொட்டுகிறான், சொன்னால் கேட்பதில்லை.' பாட்டிலைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிடுவேன். அப்புறம் ஒரு பயிற்சியில் பக்கத்தின் நடுவே கோடு போடச் சொன்னார்கள். இடது பக்கம் கண்ணில் பட்டது மட்டும், வலது பக்கம் நமக்குத் தோன்றியது. 'அடம்', 'சுட்டி', 'மந்தம்' எல்லாம் வலது பக்கச் சரக்கு. சரி, பார்ப்போம் என்று 3 நாள், நாளுக்கு 10 நிமிடம், வாயைத் திறக்காமல் அவனையே பார்த்தேன். இடது பக்கத்தில் வந்தது இது: சோடா மூடிகளை வரிசையாக அடுக்குகிறான், நாலு நாலாகக் கூறு வைக்கிறான், பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி விரலால் தொட்டுத் தெளிக்கிறான், ஈ ஓட்டுகிறான், "நூத்தம்பது... சரி வா, நூத்தி இருபது" என்கிறான், மறுபடி தெளிக்கிறான்.

அவன் பாட்டி காசிமேட்டில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்பவர். சாயங்காலம் கூட்டிப்போக வந்தபோது கேட்டேன். "தெளிக்காட்டி மீனு காஞ்சிபூடும்ல டீச்சர்" என்றார், இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற மாதிரி.

அன்றைக்கு வலது பக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் உறுத்தியது. பெயின்ட் கொட்டினால் சிரிக்கிற எனக்கு, தண்ணீர் கொட்டினால் மட்டும் ஏன் அவ்வளவு கோபம்? தண்டையார்பேட்டையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு யூனிஃபார்மோடு காத்து நின்று வளர்ந்தவள் நான், குடம் சாய்ந்தால் அம்மாவிடம் முதுகில் விழும். அந்த அடியைத்தான் இத்தனை நாள் இவனுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

1907இல் ரோமில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, (1939இல் நம் அடையாறுக்கே வந்தவர்) மரக்கட்டைகளைத் துளைகளில் பொருத்திக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்துப் பார்த்தாராம், அப்படியும் அது வேலையை விடவில்லை. நான் பாட்டிலையே பிடுங்கியவள்!

தேதி போட மறக்காதீர்கள். எங்கள் நோட்டுகளைப் பின்னால் புரட்டினால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் பிள்ளைகள் நூலை எடுத்து முடிச்சுப் போடுவது அதிகமாகிறது. அப்பாக்கள் கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்கிற நாட்கள் அவை. தேதி இல்லையென்றால் இது எனக்குப் பிடிபட்டே இருக்காது.

22 பேரையும் தினமும் எழுத யாராலும் முடியாது. நாளுக்கு ஒரு பிள்ளை, பத்து வரி போதும். ஆயாம்மாவிடமும் கேளுங்கள், சோறு ஊட்டும்போதும் பாத்ரூம் கூட்டிப்போகும்போதும் அவர் பார்ப்பது நமக்குத் தெரியாது. அந்தப் பையனுக்கு இப்போது ஒரு கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீர் வைக்கிறோம். பழைய வரியை நான் அடிக்கவில்லை, பக்கத்தில் தேதி போட்டு 'கோபம் என்னுடையது' என்று எழுதி வைத்திருக்கிறேன்.