செகண்ட் லைஃப்: முதல் மாதம் பர்ஸைத் திறக்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, பெரியவர்கள் சந்தித்துப் பழகும் இணைய மெய்நிகர் உலகங்களைப் பற்றியவை. நான்கு பேரும் செகண்ட் லைஃபைத்தான் கேட்டிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

கேள்வி: எனக்கு 49 வயது. கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். செகண்ட் லைஃபில் நாலு பேரோடு பேசலாம், பாட்டு, நடனம் எல்லாம் உண்டு என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஆனால் அது 'அடல்ட்' இடம் என்றும் படித்தேன். போகலாமா? எவ்வளவு செலவாகும்? (கோவை வாசகி)

பதில்: தாராளமாகப் போகலாம். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் 2003 ஜூனில் திறந்துவிட்ட உலகம் இது. பார்க்க வீடியோ கேம் மாதிரி இருக்கும், ஆனால் ஜெயிப்பது தோற்பது கிடையாது. நமக்கென்று ஓர் அவதார் (திரையில் நம் சார்பில் நடமாடும் உருவம்) வைத்துக்கொண்டு ஊர் சுற்றலாம், எதிரில் வருகிறவரோடு எழுத்திலோ குரலிலோ பேசலாம். தனியாக இருப்பவர்கள், உடல்நிலையால் வெளியே போக முடியாதவர்கள் என்று பலர் வருடக்கணக்காக அங்கே பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

அடல்ட் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று தரங்களில் ஒன்று இருக்கும்: பொது, நடுத்தரம், அடல்ட். 2009இல் கம்பெனியே நடத்தும் நிலப்பரப்பில் இருந்த வெளிப்படையான பாலியல் இடங்களைப் பிரித்து, ஜிந்த்ரா என்ற தனிக் கண்டத்துக்கு மாற்றினார்கள். அங்கே 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. உங்கள் அமைப்புகளில் 'நடுத்தரம்' வரை போதும் என்று வைத்துவிட்டால் அடல்ட் இடங்கள் தேடலில் வராது, தவறிப்போய் நுழையவும் முடியாது. பின்னால் ஒருநாள் அதை மாற்ற நினைத்தால் அது உங்கள் விருப்பம். அதைப் பற்றி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சரி, செலவு. கணக்குத் தொடங்க, சுற்றிப்பார்க்க, பேச, கச்சேரி கேட்க ஒரு பைசா வேண்டாம். உண்மையான பாடகர்கள் தங்கள் வீட்டிலிருந்தே நேரலையில் பாடுவார்கள். பிடித்தால் அவர்களுக்கான உண்டியலில் ஏதாவது போடலாம், போடாவிட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. மாதச் சந்தா கட்டும் பிரீமியம் கணக்கும் உண்டு. அதில் சிறிய வீடும் வாராந்திரக் கைச்செலவுப் பணமும் தருவார்கள். இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையில்லை.

பணம் கரைவது வேறொரு இடத்தில். புதிதாக வருபவரின் அவதார் மற்றவர்களுடையதைப் போல அழகாக இருக்காது. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்ததும் 'நமக்கும் இப்படி வேண்டும்' என்று தோன்றும். அங்கே உடல் தனி, தலை தனி, தோல் தனி, முடி தனி, நடை தனி. எல்லாவற்றுக்கும் விலை லிண்டன் டாலரில். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 250 லிண்டன் டாலர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற உடல் ஒன்று 2,500 முதல் 5,000 வரை, தலையும் கிட்டத்தட்ட அவ்வளவே. எண்கள் பெரிதாக இருப்பதால் நிஜப் பணமாகத் தெரியாது. ஒவ்வொரு முறையும் 250ஆல் வகுத்துப் பாருங்கள், தலையும் உடலும் சேர்ந்து இருபது முதல் நாற்பது டாலர் என்பது அப்போது உறைக்கும்.

இன்னொன்று, ஓர் உடலுக்குத் தைத்த உடை வேறொரு உடலுக்குப் பொருந்தாது. மைட்ரேயா லாரா என்ற உடலுக்கான புடவையை வேறு உடலில் மாட்டினால் தோள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் 'டெமோ' என்ற மாதிரிப் பொருள் இருக்கிறது. பெரும்பாலும் அது இலவசம்தான். போட்டுப் பார்த்தால் தலைக்கு மேல் 'டெமோ' என்று ஒரு பலகை மிதக்கும். அந்தப் பலகையோடு பத்து நிமிடம் நடந்து, உட்கார்ந்து, ஆடிப் பாருங்கள். அப்புறம் விலைப் பலகையில் மூன்று விஷயத்தைப் பாருங்கள்: நகலெடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா. மாற்றவும் கொடுக்கவும் முடியாத பொருள் பிடிக்கவில்லை என்றால் இன்வென்டரியில் (நம் பொருட்கள் எல்லாம் சேரும் பெட்டி) தூங்க வேண்டியதுதான்.

நேரமும் முக்கியம். அங்கே ஓடும் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரம். அவர்களுக்கு மாலை ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஏழரை அல்லது எட்டரை. நாம் காபி குடிக்கும் நேரத்தில்தான் அங்கே நடனக் கூடங்கள் நிரம்பியிருக்கும். இரவு எட்டு மணிக்குப் போய் யாரும் இல்லையே என்று மனம் தளர்ந்துவிடாதீர்கள். உங்களுக்கு வெறிச்சென்று இருப்பது இரவு நேரம்தான் என்றால், ஐரோப்பியர்கள் நடத்தும் இடங்களைத் தேடுங்கள். நமக்கு இரவு பத்து மணி என்றால் அவர்களுக்கு மாலை தொடங்கும் நேரம்.

கேள்வி: செகண்ட் லைஃபில் ஒருவரிடம் நிலம் 'வாங்கினேன்'. கிட்டத்தட்ட 60 டாலர் கொடுத்தேன். போன வாரம் அந்த இடமே இல்லை, விற்றவரும் பதில் சொல்வதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போனால் பணம் கிடைக்குமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் எனக்கும் இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் கடற்கரையோரம் ஒரு சின்ன வீடு எடுத்து, மூன்று மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்தேன். ஐந்தாவது வாரம் உள்ளே போனால் வேறெங்கோ நிற்கிறேன். வரைபடத்தில் என் வீடு இருந்த சதுரம் வெறும் கடல். மேசையும் விளக்கும் மட்டும் இன்வென்டரியில் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறையில் கிடந்தன. அன்று அழுகை வந்தது, இப்போது சொல்ல வெட்கமில்லை.

நடப்பது இதுதான். 256 மீட்டருக்கு 256 மீட்டர் கொண்ட ஒரு பகுதியைத் தனியார் ஒருவர் லிண்டன் லேபிடம் எடுத்து, மாதாமாதம் கட்டணம் கட்டுகிறார். அதைத் துண்டுபோட்டு நம்மிடம் 'விற்கிறார்'. அவர் கட்டணத்தை நிறுத்தினால் பகுதி மறைந்துவிடும், நம் துண்டும் போய்விடும். பத்திரம், பட்டா எதுவும் நம் பெயரில் இல்லை, பெயரளவில்தான் விற்பனை. பயனர்களுக்கு இடையேயான தகராறில் கம்பெனி தலையிடாது. லிண்டன் டாலரும் பணம் அல்ல, பயன்படுத்தக் கொடுத்த உரிமம் மட்டுமே என்று விதிகளில் இருக்கிறது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். 1915 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு யார்? ஊர் பேர் தெரியாத ஓர் அவதார். 60 டாலருக்காக அந்த அலைச்சலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பணம் திரும்பாமல் போவது புதிதல்ல: 2007இல் ஜின்கோ என்றொரு 'வங்கி' ஏகப்பட்ட வட்டி தருவதாகச் சொல்லி மூழ்கியது, போட்டவர்கள் பணம் திரும்பவில்லை. அதன் பிறகு 2008 ஜனவரியில்தான் உரிமம் இல்லாத வங்கிகளைத் தடை செய்தார்கள். இனி வாடகைக்கு எடுத்தால் வாரக் கணக்கில் கட்டுங்கள். தள்ளுபடி தருகிறேன் என்று மூன்று மாதம், ஆறு மாதம் சேர்த்துக் கேட்டால் வேண்டாம்.

கேள்வி: கார்டு விவரம் கொடுப்பது பாதுகாப்பா? பழைய லேப்டாப்பில் ஓடுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வாங்கும் நேரத்தில் மட்டும் திறந்து, குறைந்த வரம்பு வைத்து, முடிந்ததும் மூடிவிடுங்கள். பெரும்பாலான கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். சந்தா எடுத்தால் கார்டில் தானாகப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டாலும் காட்சித் தரத்தைக் குறைத்து ஓட்டலாம், ஆனால் நாற்பது பேர் ஆடும் கூடத்தில் திணறும். எதையும் வாங்கும் முன் இலவசக் கணக்கில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அங்கே பழகிய ஒரு பெண் இரண்டு மாதம் கழித்து வேறு செயலியில் வீடியோ கால் வரச் சொன்னார். அதைப் பதிவு செய்துவிட்டு, என் குடும்பத்துக்கு அனுப்புவேன் என்று மிரட்டுகிறார்கள். 15,000 ரூபாய் கொடுத்தேன், இன்னும் 40,000 கேட்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: முதலில் ஒன்று சொல்கிறேன்: தப்பு செய்தது நீங்கள் இல்லை. ஒருவரை நம்பிப் பழகியது குற்றம் ஆகாது, மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 308ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நிறுத்துவார்கள் என்று தோன்றும். 15,000 வாங்கியவர்கள் நிறுத்தாமல் 40,000 கேட்டதைப் பாருங்கள். உரையாடலை அழிக்க வேண்டாம். எண், கணக்கு விவரம், யூபிஐ ஐடி, செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகுதான் பிளாக் செய்ய வேண்டும். உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் போன கணக்கை முடக்க அங்கே ஏற்பாடு இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியுங்கள், உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். செகண்ட் லைஃபுக்குள் 'உதவி' மெனுவில் முறைகேட்டைப் புகார் செய்யும் வசதி உண்டு, அதையும் செய்யுங்கள்.

வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள், அண்ணனோ, மனைவியோ, நண்பரோ. மிரட்டுகிறவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற உங்கள் பயம்தான். சொல்லப்போகும் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே 1930ஐ அழையுங்கள். புகார் எண் கிடைத்ததும் எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்போம்.