வாசகர் கேள்வி பதில்: ஆங்கிலத்தின் வழியே ஸ்வீடிஷ் கற்பவர்களுக்கு

இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே ஸ்வீடிஷ் மொழியைப் பற்றியவை. கேட்டவர்கள் அனைவரும் ஆங்கிலப் பாடநூல்களை வைத்துக்கொண்டு அம்மொழியைக் கற்பவர்கள். ஸ்வீடிஷ் சொற்களை ஏறத்தாழ அவை ஒலிக்கும் வகையில் தமிழில் எழுதியிருக்கிறேன்; உ, ஒ போன்ற சில உயிரொலிகளுக்குத் தமிழ் எழுத்து முழுமையாகப் பொருந்தாது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: 'இன்று நான் வருகிறேன்' என்பதை 'இ தாக் யாக் கொம்மெர்' என்று எழுதினேன். ஆசிரியர் கடைசி இரண்டு சொற்களையும் இடம் மாற்றிவிட்டார். வினையை எழுவாய்க்கு முன்னால் வைத்தால் அது கேள்வியாகிவிடாதா?

பதில்: ஆகாது. 'கொம்மெர் யாக்?' என்று வினையே முதலில் நின்றால்தான் அது கேள்வி. சாதாரண வாக்கியத்தில் ஸ்வீடிஷ் வினை எப்போதும் இரண்டாம் இடத்தில் நிற்கும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் ஆணியடித்தாற்போல் நிற்க, மற்றச் சொற்கள் முன்பின்னாக நகர்வதை நாம் அறிவோம். ஸ்வீடிஷில் அந்த ஆணி இரண்டாம் இடத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது. 'நான்' என்று தொடங்கினால் 'யாக் கொம்மெர் இ தாக்'. 'இன்று' என்பதை முன்னால் கொண்டுவந்தால், முதல் இடம் நிரம்பிவிட்டதால், 'நான்' வினைக்குப் பின்னால் போய்விட வேண்டும்: 'இ தாக் கொம்மெர் யாக்'. இரண்டாம் இடம் என்றால் இரண்டாவது சொல் என்று எண்ணிவிடாதீர்கள். 'நான் வீட்டுக்கு வந்ததும்' என்பது போன்ற ஒரு துணை வாக்கியம் முழுவதும்கூட முதல் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதை அடுத்து உடனே வினை வரும். ஜெர்மனும் டச்சும் இப்படித்தான் நடக்கின்றன. ஆங்கிலமும் ஒரு காலத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. 'நெவர் ஹேவ் ஐ சீன்' போன்ற தொடர்களில் அதன் எச்சம் இன்னும் தங்கியிருக்கிறது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள். 'அவன் வரவில்லை' என்பது 'ஹன் கொம்மெர் இன்த்தெ'. இங்கே எதிர்மறைச் சொல்லான 'இன்த்தெ' வினைக்குப் பின்னால் நிற்கிறது. 'அவன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்' என்னும்போது அதே சொல் வினைக்கு முன்னால் தாவிவிடுகிறது: 'யாக் வேத் அத் ஹன் இன்த்தெ கொம்மெர்'. துணை வாக்கியத்தில் எதிர்மறைச் சொல் வினைக்கு முன்னால் வர வேண்டும் என்பது விதி. பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களும் அவசரத்தில் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: 'ஹன்ஸ்', 'சின்' இரண்டுக்கும் அகராதியில் 'ஹிஸ்' என்றே பொருள் இருக்கிறது. எதை எங்கே பயன்படுத்துவது?

பதில்: ஆங்கிலத்தின் வழியே போனால்தான் இது குழப்பம், தமிழ் அறிந்தவருக்குப் பாதி வழி முன்பே தெரியும். 'அவன் தன் மனைவியை நேசிக்கிறான்' என்பது 'ஹன் எல்ஸ்கர் சின் ஃப்ரூ'. அதில் 'சின்' இருந்த இடத்தில் 'ஹன்ஸ்' என்று போட்டால் அவன் நேசிப்பது வேறொருவனுடைய மனைவியை என்றாகிவிடும். ஒரு சிறு சொல் குடும்பத்தையே கலைத்துவிடுகிறது. 'தன்' என்று வரும் இடத்தில் 'சின்' என்று தொடங்கலாம். உடைமைப் பொருளுக்கு ஏற்ப இச்சொல் மாறும் என்பதை மட்டும் கவனியுங்கள்: தன் மனைவி 'சின் ஃப்ரூ', தன் வீடு 'சித் ஹூஸ்', தன் குழந்தைகள் 'சீனா பார்ன்'. உடையவர் ஆணா பெண்ணா என்பது இங்கே பொருட்டே இல்லை.

ஆனால் தமிழை நம்பி வழி முழுவதும் போய்விடவும் கூடாது. 'தன் மனைவிக்கு உடல்நலமில்லை என்று அவன் சொல்கிறான்' என்று நாம் இயல்பாக எழுதுகிறோம். நம்முடைய 'தன்' ஒரு வாக்கியத்தின் வேலியைத் தாண்டி, வெளியே இருக்கும் எழுவாயைப் போய்த் தொடும். ஸ்வீடிஷ் 'சின்' வேலி தாண்டாது. எழுவாயின் பகுதியாகவும் நிற்காது. உள்வாக்கியத்தில் 'மனைவி' எழுவாயாக இருப்பதால், 'ஹன் செயெர் அத் ஹன்ஸ் ஃப்ரூ ஏர் ஷூக்' என்றே சொல்ல வேண்டும். அந்த மனைவி யாருடையவள் என்பதைச் சூழலைக் கொண்டுதான் ஊகிக்க முடியும். இதே காரணத்தால் 'அவனும் அவன் மனைவியும் வருகிறார்கள்' என்பதிலும் 'ஹன்ஸ்' தான்.

கேள்வி: எளிய ஆங்கிலச் சொற்களை நேராக மொழிபெயர்த்தாலே சிரிக்கிறார்கள். எந்தச் சொற்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் 'கோ'. எழுத்திலும் ஒலியிலும் ஆங்கில 'கோ'வை ஒத்திருக்கும் இச்சொல், ஒரு மனிதர் ஓரிடத்துக்குப் போவதைப் பற்றிப் பேசும்போது, நடந்து போவதையே குறிக்கும். ஸ்டாக்ஹோமிலிருந்து கோத்தன்பர்க்குக்கு 'கோர்' என்று சொன்னால், 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலையை நீங்கள் காலால் அளக்கப்போவதாகக் கேட்பவர் நினைப்பார். வண்டியில் போவதற்கு 'ஓக்கெர்' என்று தனி வினை உண்டு. வேடிக்கை என்னவென்றால், ரயில் மட்டும் தாராளமாக 'கோர்' செய்யலாம்; அப்போது அது புறப்படுவதைக் குறிக்கும்.

அடுத்தது சாப்பாட்டு மேசையில் நேர்வது. வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல எண்ணி 'யாக் ஏர் ஃபுல்' என்றால், 'நான் குடிபோதையில் இருக்கிறேன்' என்று பொருள். 'மெத்' என்பதே சரியான சொல்.

'நினைக்கிறேன்' என்பதற்கு மூன்று சொற்கள் இருப்பதுதான் மிகவும் படுத்துவது. படத்தைப் பார்த்துவிட்டு அது நன்றாக இருப்பதாகக் கருத்துச் சொன்னால் 'தியுக்கெர்'. இன்னும் பார்க்காமல், நன்றாக இருக்கும் என்று ஊகித்தால் 'த்ரூர்'. பார்க்கலாமென்று இருக்கிறேன் என்று எண்ணத்தைத் தெரிவித்தால் 'தென்கெர்'. பார்க்காத படத்துக்குத் 'தியுக்கெர்' போட்டுப் பேசினால், பார்த்துவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொண்டு கதையைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்கள்.

கேள்வி: 'ஆம்' என்பதற்கு 'யா' இருக்க, 'யூ' எதற்கு?

பதில்: எதிர்மறையாகக் கேட்ட கேள்வியை மறுப்பதற்கு. 'நீ வரவில்லையா?' என்று கேட்டால், 'இல்லை, வருகிறேன்' என்று நாம் சுற்றிச் சொல்வதை 'யூ' என்ற ஒற்றைச் சொல் முடித்துவிடுகிறது.

கேள்வி: ஸ்வீடனில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் மகள், மேலதிகாரியைக்கூட 'தூ' என்றே அழைப்பதாகச் சொல்கிறாள். அது ஒருமையல்லவா? மரியாதைக் குறைவாகாதா?

பதில்: கவலை வேண்டாம், உங்கள் மகள் சரியாகவே பேசுகிறார். 1960கள் வரை அங்கே விளிப்பது பெரிய சங்கடமாக இருந்தது. 'டாக்டர் காபி குடிக்கிறாரா?' என்று எதிரில் இருப்பவரையே பதவிப் பெயரால் படர்க்கையில் கேட்பது வழக்கம். பன்மையும் மரியாதையுமான 'நீ' என்ற சொல் இருந்தாலும், பட்டமோ பதவியோ இல்லாதவர்களை விளிக்கவே அது பெரிதும் பயன்பட்டதால் அதில் ஓர் இளக்காரம் ஏறிவிட்டது. 1967இல் அரசின் மருத்துவ நிர்வாக வாரியத்துக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸேட், ஊழியர் அனைவரையும் 'தூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். முன்பே பரவத் தொடங்கியிருந்த பழக்கத்துக்கு அது ஓர் அடையாளமாகி, அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் 'தூ' நிலைபெற்றது. நம் காதுக்கு ஒருமையாக ஒலிக்கும் 'நீ' அங்கே 'நீங்கள்' என்பதும், அந்த 'நீங்கள்' சில முதியவர்களை இன்றும் முகம் சுளிக்க வைக்கும் என்பதும் தமிழர்களுக்குக் கூடுதல் வேடிக்கை.

கேள்வி: கூட்டுச் சொற்களை ஆங்கிலத்தைப் போல இடம் விட்டு எழுதினால் என்ன கெட்டுவிடும்?

பதில்: பொருள் கெட்டுவிடும். 'ரோக்ஃப்ரித்' என்று சேர்த்து எழுதிய பலகை, புகைக்கு இடமில்லாத இடம் என்கிறது. அதையே 'ரோக் ஃப்ரித்' என்று பிரித்து எழுதிவிட்டால், விருப்பம்போல் புகைக்கலாம் என்கிறது.