கொங்கோ மன்னர் முதலாம் அஃபோன்சோ: கேள்வி பதில்

கேள்வி: இவர் பட்டத்துக்கு வந்தது 1506-இலா, 1509-இலா?

பதில்: 1509. பழைய நூல்களில்தான் 1506 இருக்கும். ஆட்சி 1542 வாக்கில் முடிந்தது.

கேள்வி: அண்ணா, அடிமை வியாபாரத்தையே ஒழிக்கப் பார்த்தவர் என்கிறார்களே?

பதில்: அது மிகை. போரில் பிடிபட்ட அயலாரை விற்பதை அவர் எதிர்க்கவில்லை. தம் குடிமக்களை, பிரபுக்களின் பிள்ளைகளை, சொந்த உறவினரைக்கூடக் கடத்தி விற்றதுதான் அவரை உறுத்தியது. 1526 ஜூலையில் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜொவாவுக்குக் கடிதம் போனது: பாதிரிமார், ஆசிரியர், பூசைக்கான திராட்சை ரசமும் மாவும் போதும், வேறு சரக்கு வேண்டாம். அக்டோபருக்குள் இறங்கி வந்துவிட்டார். புது ஏற்பாடு இது: ஆள் வாங்கும் வெள்ளையர் அவருடைய மூன்று அதிகாரிகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விற்கக் கொண்டுவந்தவர் போரில் சிறைபிடிக்கப்பட்டவரா, சுதந்திரக் குடியா என்று அவர்கள் விசாரிப்பார்கள். அவர்கள் சரி என்றால் கப்பலேற்றலாம். சொல்லாமல் வாங்கினால் வாங்கியது பறிமுதல்.

கேள்வி: பிறகு ஏன் கடத்தி விற்பது நிற்கவில்லை?

பதில்: சாவோ தோமே தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவை ஓயவே இல்லை. வெளிநாட்டுச் சரக்குக்கு ஆசைப்பட்டு உள்ளூர்க்காரர்களே ஆள் பிடித்துக் கொடுத்தார்கள். வணிகர்கள் தெற்கே அண்டை நாடான நிதோங்கோ பக்கம் போய்விட்டால் இவர் அதிகாரிகளின் கை எட்டாது. இன்னொன்று, இவரிடம் கடலோடும் கப்பல் இல்லை; கேட்டும் லிஸ்பன் தரவில்லை. என்னைக் கேட்டால், விசாரணை முறையைவிடப் பெரிய ஓட்டை அதுதான்.

கேள்வி: அங்கே பணம் சோழிதானே?

பதில்: இல்லை. லுவாண்டா தீவில் கிடைக்கும் நிசிம்பு, சிறிய நத்தைச் சிப்பி. பெண்கள் முங்கி மணலோடு அள்ளி, சலித்து, தரம் பிரிப்பார்கள். ஆயிரம் சேர்ந்தால் ஒரு ஃபுண்டா, 10,000 ஒரு லுஃபுக்கு, 20,000 ஒரு கோஃபோ. தீவு மன்னர் கையில் இருந்தது, அதாவது நாணயச்சாலையே அவருடையது.

கேள்வி: மகன் ஆயர் ஆனது உண்மையா ஐயா?

பதில்: உண்மை. என்ரிக்கே லிஸ்பனில் படித்தார். 1518-இல் திருத்தந்தை பத்தாம் லியோ அவரை யூட்டிக்காவின் ஆயராக்கினார். யூட்டிக்கா வட ஆப்பிரிக்காவில் எப்போதோ அழிந்த நகரம், வெறும் பட்டப்பெயர். 1521-இல் கொங்கோ திரும்பினார். கொங்கோவுக்கென்று தனி மறைமாவட்டம் (ஆயரின் ஆளுகைப் பகுதி) கிடைக்கவில்லை. 1534-இல் ஆயர் பீடம் அமைந்தது சாவோ தோமேயில்.